சடகோபனின் பூஜ்யமும் ஷகிலாவின் ஒன்றும்

கம்ப்யூட்டர் தொழிலில், காலையில் வைத்த இடத்திலேயே சாயங்காலமும் இருப்பது கம்ப்யூட்டர் மட்டும்தான். அதில் வேலை செய்யத் தெரிந்த ஆள் இருக்கமாட்டார். ஆள் வைத்து வேலை வாங்கிப் பார்த்தவர்கள் யாராவது இதைப் படித்தால், இந்த இடத்திலேயே ஒரு பெருமூச்சு விட்டிருப்பீர்கள். நானும் உங்கள் கட்சிதான்.

ஒரு உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு ஒரு வரி புரோகிராம்கூட எழுதத் தெரியாது. படம் வரையவும் வராது. பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பாத்திரக் கடை மாடியில் ஜெராக்ஸ் மெஷின் வைத்து, கல்யாணப் பத்திரிகை டைப் அடித்துக்கொண்டிருந்தவன் நான். ஊரெல்லாம் கம்ப்யூட்டர் கம்ப்யூட்டர் என்று பேசிய காலத்தில் இரண்டு கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டு, போர்டில் 'சாப்ட்வேர்' என்று எழுதிவிட்டேன். என்னிடம் இருந்ததெல்லாம் ஒரே ஒரு யோசனை.

பட்டுச் சேலையின் கரையில் மயிலும் மாங்காயும் சும்மா வந்துவிடுவதில்லை. முதலில் கட்டம் போட்ட கிராப் தாளில் ஒருவர் டிசைன் வரைய வேண்டும். பிறகு அதைக் கட்டம் கட்டமாக எண்ணி, அட்டைகளில் ஓட்டை குத்த வேண்டும். தறிக்கு மேலே இருக்கிற ஜக்கார்டு பெட்டியில் அந்த அட்டைகளை மாட்டினால், ஓட்டை இருக்கிற இடத்துக் கொக்கி ஏறி இழையைத் தூக்கும். இந்த எண்ணுகிற வேலையில் கண் போய்விடும். டிசைனைக் கம்ப்யூட்டரில் வரைந்து, எந்த அட்டையில் எத்தனையாவது ஓட்டை என்று கம்ப்யூட்டரே எண்ணி அச்சடித்துக் கொடுத்தால் என்ன? இதுதான் என் யோசனை. இதற்கு வேண்டியது ஒரு புரோகிராமர், ஒரு டிசைனர். மாதச் சம்பளத்துக்கு இல்லை. வேலைக்கு இவ்வளவு என்று பேசிக்கொண்டு செய்கிறவர்களாக இருந்தால் போதும். அவ்வளவுதானே என்று இறங்கினேன்.

பஸ்ஸில் இருக்கேன் சார்

முதல் புரோகிராமர் ஏனாத்தூரில் படித்துக்கொண்டிருந்த மாணவர். வாயைத் திறந்தால் ஆங்கிலம். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "சிம்பிள் சார், ஒரு வாரம்" என்றார். ஒரு வாரம் மூன்று வாரமானது. போன் செய்தால் ஒரே ரிங்கில் எடுத்துவிடுவார், அதில் குறை சொல்ல முடியாது. "பஸ்ல இருக்கேன் சார், வந்துக்கினே இருக்கேன்" என்பார். பின்னால் ஹாரன் சத்தம்கூடக் கேட்கும். நானும் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பேன். ஏனாத்தூரிலிருந்து என் ஆபீசுக்கு வர மூன்று நாள் ஓடுகிற பஸ் எது என்று ஒரு கட்டத்தில் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு அவர் தங்கியிருந்த அறைக்கே போனேன். அறையில் அவருடைய நண்பர் மட்டும் துணி மடித்துக்கொண்டிருந்தார். கட்டில் காலி, சுவரில் சட்டை மாட்டுகிற ஆணியும் காலி. "காலையில்கூட பஸ்ஸில் இருக்கேன்னு சொன்னாரேப்பா" என்றேன். நண்பர் மிகவும் வருத்தப்பட்டுச் சொன்னார்: "அவன் பொய் சொல்லமாட்டான் சார், பஸ்லதான் இருந்திருப்பான். பெங்களூர்ல."

நாற்பது நிற மயில்

டிசைனருக்கு விளம்பரம் கொடுத்ததில் சென்னையிலிருந்து ஒருவர் கிடைத்தார். அவர் போட்ட மயிலைப் பார்த்து நான் அசந்துபோனேன். தோகையில் ஒரு நீலம் இன்னொரு நீலத்தோடு கரைந்து, அது பச்சையில் கரைந்து, ஓரத்தில் தங்கமாக முடிந்திருந்தது. கலர் பிரிண்ட் எடுத்து பைலில் வைத்துக்கொண்டு நெசவாளர் முனுசாமியிடம் ஓடினேன். தறியும் அவருடையது, அட்டை குத்துகிறவரும் அவரே. அதனால் என் சோதனைக்கெல்லாம் அவர்தான் மாட்டினார்.

முனுசாமி தறியை நிறுத்திவிட்டு வந்து, வெளிச்சத்தில் வைத்து நிதானமாகப் பார்த்தார். நல்லாயிருக்குது என்றார். எனக்கு வாயெல்லாம் பல். பிறகு விரல் விட்டு நிறங்களை எண்ண ஆரம்பித்தார். நாற்பதில் நிறுத்திக்கொண்டார். ஒவ்வொரு நிறத்துக்கும் நூலைச் சுமந்து குறுக்கே ஓடுகிற நாடா ஒன்று தனியாக வேண்டும் என்பது எனக்கும் தெரியாது, சென்னைக்காரருக்கும் தெரியாது. பிரிண்டைப் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்துவிட்டு அவர் சொன்னார்: "இத்தினி நாடாவையும் வெச்சா தறியில நான் உக்கார எடம் இருக்காது சார். இத சட்டம் போட்டு செவுத்துல மாட்டிக்கோங்க."

தாமோதரம் வைத்த கெடு

இதற்குள் தாமோதரத்திடம் நான் வாக்குக் கொடுத்துவிட்டேன். அவருக்குச் சொந்தமாகக் கடையும், ஊர் முழுக்க அவருக்கு நெய்கிற தறிகளும் உண்டு. வீட்டில் தெலுங்கு, கடையில் தமிழ், கோபம் வந்தால் இரண்டும். என் யோசனையை அவரிடம் சொன்னபோது, கேட்கிற ஒரே ஆள் இவர்தான் என்ற உற்சாகத்தில் எல்லாம் தயார் என்பதுபோல அளந்துவிட்டேன். ஆள் இல்லை என்பதை மட்டும் சொல்லவில்லை.

பங்குனியில் அவர் கூப்பிட்டனுப்பினார். நேராக விஷயத்துக்கு வந்தார். மயில் கரை போட்ட ஒரு சேலை, கம்ப்யூட்டர் டிசைனில், ஆடி முடிவதற்குள் அவர் கைக்கு வர வேண்டும். ஆவணி முகூர்த்தங்களுக்கு அதைக் காட்டி ஆர்டர் எடுப்பார். சரியாக வந்தால் அவருடைய எல்லாத் தறிகளுக்கும் டிசைன் என் ஆபீசிலிருந்துதான். நான் தலையை ஆட்டோ ஆட்டென்று ஆட்டினேன். கிளம்பும்போது பின்னாலிருந்து அவர் குரல் வந்தது: "வரலேன்னா ஒண்ணும் கெட்டுப்போவாதுப்பா. அந்த ஜெராக்ஸ் மெஷின வித்துடாத, அவ்ளோதான்."

வைகாசியில் நான் இல்லை

சித்திரையில் ஒரு நாள் காலை சரியாக ஒன்பது மணிக்குச் சடகோபன் படியேறி வந்தார். சின்ன காஞ்சிபுரம். அப்பா பள்ளிக்கூட வாத்தியார், தாத்தா காலத்திலிருந்து கோயிலில் பிரபந்தம் சொல்கிற குடும்பம். இருபத்து நான்கு வயதுதான். ஆனால் 'அவன்' என்று எழுத எனக்குக் கை வரவில்லை, ஏன் என்று நீங்களே பார்ப்பீர்கள். வழக்கம்போல "எத்தனை நாளில் முடியும்?" என்று கேட்டேன். "தெரியாது சார். தறியைப் பார்க்காம எப்படிச் சொல்றது?" என்றார். முனுசாமி வீட்டுக்குப் போய் ஒரு பகல் முழுக்கத் தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். மறுநாள் வந்து ஒரு நோட்டில் தேதி வாரியாக எழுதிக் காட்டினார். அதில் வைகாசியில் பத்து நாள் கோடு போட்டு அடித்திருந்தது. பிரம்மோற்சவம். பத்து நாளும் பிரபந்தம் சொல்கிற கோஷ்டியில் நிற்க வேண்டும், அப்போது போனும் எடுக்கமாட்டேன் என்றார்.

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. வருவேன் வருவேன் என்று வராதவர்களைப் பார்த்துப் பழகிவிட்டேன். வரமாட்டேன் என்று ஒரு மாதம் முன்பே சொல்கிறவரை எந்த வகையில் சேர்ப்பது? ஆனால் கோடு போடாத நாட்களில் ஒரு நாள்கூட அவருடைய சைக்கிள் ஒன்பது மணிக்கு வாசலில் நிற்காமல் இருந்ததில்லை. வைகாசி வந்தது, சொன்னபடி போனார். பதினோராம் நாள் காலை ஒன்பதுக்கு நெற்றியில் திருமண்ணோடு வந்து, விட்ட வரியிலிருந்து ஆரம்பித்தார்.

நடுவில் நடந்ததை மட்டும் நான் சொல்லியாக வேண்டும். ஏழாம் நாள், கம்ப்யூட்டர் ஏதோ ஆங்கிலத்தில் திட்டிவிட்டு நின்றுபோனது. அந்தத் திட்டை ஒரு பேப்பரில் எழுதிக்கொண்டு ஓடினேன். தெருவில் புறப்பாடு வந்துகொண்டிருந்தது. முன்னால் பிரபந்த கோஷ்டி, அதில் மூன்றாவது வரிசையில் சடகோபன். நானும் அவர் பக்கத்திலேயே பேப்பரை நீட்டியபடி நடந்தேன். அவர் திரும்பவேயில்லை. ஒரு மண்டபத்து வாசலில் பாட்டு நின்று எல்லோரும் மூச்சு வாங்கியபோது, பேப்பரைத் தொடாமலே என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "சார், பெருமாள் பின்னாடி வந்துண்டிருக்கார். நீங்க குறுக்கே வரேள். கொஞ்சம் ஓரமா நில்லுங்கோ."

மவுஸ் வேண்டாம்

ஷகிலாவைக் கண்டுபிடித்தது முனுசாமி. "கிராப்பு நம்ம பஷீர் சம்சாரம் போட்டாத்தான் கொக்கி பெசகாது" என்று சொல்லி விலாசம் கொடுத்தார். பஷீர் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். அவர் மனைவி வீட்டிலிருந்தபடி நெசவாளர்களுக்கு கிராப் போட்டுக் கொடுப்பவர். நான் போனபோது தரையில் பாய் விரித்து, பெரிய கிராப் தாளில் மாங்காய் ஒன்றைச் சிவப்புப் பென்சிலால் கட்டம் கட்டமாக நிரப்பிக்கொண்டிருந்தார். எத்தனை கொக்கிப் பெட்டி என்று கேட்டார். நான் விழித்தேன். "கேட்டுக்கினு வாங்க அண்ணே" என்று திருப்பி அனுப்பிவிட்டார். இருநூற்று நாற்பது என்று கேட்டுக்கொண்டு போன பிறகுதான் உட்காரச் சொன்னார். வேலையை ஒப்புக்கொள்ளும்போது ஒன்றே ஒன்று சொன்னார். தப்பு இருந்தால் நேராகச் சொல்ல வேண்டும், திருத்துவார். மூடி மறைத்தால் மட்டும் வேலையை விட்டுவிடுவார்.

ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஒன்றை அவர் வீட்டில் கொண்டுபோய் வைத்தேன். மவுஸைப் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்துப் போய்ப் பார்த்தால் மவுஸைக் கழற்றித் துணியில் சுற்றி அலமாரியில் வைத்திருந்தார். அம்புக்குறி பட்டன்களைத் தட்டியே மயிலின் கழுத்தை வளைத்து முடித்திருந்தார். வலது பக்கம் நாலு தட்டு, மேலே ஒரு தட்டு என்று விரல்கள் ஓடின. அந்தக் கழுத்தைப் போல ஒரு வளைவை நான் மவுஸில் பார்த்ததில்லை. இருந்தாலும் முதலாளி ஆயிற்றே, மவுஸில் வேகமாக வருமே என்று ஒரு வார்த்தை சொல்லிவைத்தேன். திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் பதில் வந்தது: "அது வழுக்கிக்கினு போவுது அண்ணே. பட்டன் ஒரு தட்டுக்கு ஒரு கட்டம்தான் போவுது. சொன்ன பேச்சு கேக்குறத வுட்டுட்டு கேக்காதத ஏன் கையில புடிச்சிக்கினு இருக்கணும்?"

ஆட்டோவில் வந்த ஃப்ளாப்பி

சடகோபன் ஆபீசில், ஷகிலா வீட்டில். இருவரும் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை. நடுவில் போய் வந்தது ஃப்ளாப்பி. ஷகிலா டிசைனைக் கம்ப்யூட்டரில் வைத்துக்கொள்ளாமல் நேராக ஃப்ளாப்பியிலேயே போட்டு பஷீரிடம் கொடுப்பார், பஷீர் சவாரிக்கு நடுவே ஆட்டோவை என் வாசலில் நிறுத்திக் கொடுத்துவிட்டுப் போவார். ஆனியில் மூன்று முறை ஃப்ளாப்பி வந்தது. மூன்று முறையும் உள்ளே ஒன்றுமில்லை. ஷகிலா நான் போட்டுத்தான் கொடுத்தேன் என்றார். சடகோபன் வரவேயில்லை என்றார். நான் வழக்கம்போல இருவரிடமும் சரி சரி என்றேன்.

நாலாவது முறை சடகோபனே கீழே இறங்கிப் போய் ஆட்டோவைச் சுற்றிப் பார்த்தார். பின் சீட்டுக்கு மேலே, தலையணை அளவுக்கு இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகள். ஃப்ளாப்பி பத்திரமாக இருக்கட்டும் என்று பஷீர் அதை ஒவ்வொரு முறையும் ஸ்பீக்கர் மேலேயே வைத்துக் கொண்டுவந்திருக்கிறார். உள்ளே இருக்கிற காந்தம் மயிலையெல்லாம் மிச்சமில்லாமல் துடைத்துவிட்டது. சடகோபன் விளக்கிச் சொன்னதும் பஷீருக்கு முகமே செத்துவிட்டது. ஃப்ளாப்பியைச் சட்டைப் பையில் வைத்தால் போதும் என்றுதான் நாங்கள் சொன்னோம். மறுநாள் பார்த்தால் ஆட்டோவில் ஸ்பீக்கரே இல்லை. அந்த ஸ்பீக்கருக்காகவே அந்த ஆட்டோவில் ஏறுகிற காலேஜ் கூட்டம் ஒன்று உண்டு என்பது எனக்குத் தெரியும். ஏன் பாய் என்று கேட்டேன். பஷீர் சாதாரணமாகச் சொன்னார்: "பாட்டு இல்லாட்டியும் சவாரி ஏறும் சார். மூணு வாட்டி திரும்பத் திரும்ப அதே மயில என் சம்சாரம் போட்டுக்கினு உக்காந்திருந்துச்சு, ஒரு வார்த்த பேஜார் பண்ணல. நான் பார்த்தேனே."

பூஜ்யமாவது ஓட்டை

ஆனிக் கடைசியில் முதல் பட்டியல் அச்சாகி வந்தது. ஒவ்வொரு அட்டைக்கும் எந்தெந்த ஓட்டை என்று வரிசையாக எண்கள். தாமோதரத்தின் சேலை கண்ணில் தெரிய ஆரம்பித்துவிட்டது. பெருமையோடு முனுசாமியிடம் கொண்டுபோனேன். அவர் குத்தூசியை எடுத்தார், முதல் எண்ணைப் பார்த்தார், ஊசியைக் கீழே வைத்துவிட்டார். பட்டியல் பூஜ்யத்தில் ஆரம்பித்து இருநூற்று முப்பத்தொன்பதில் முடிந்திருந்தது. "பூஜ்யமாவது ஓட்டை எங்க இருக்குது சார்?" என்றார். எனக்கென்ன தெரியும்? கம்ப்யூட்டர் அப்படித்தான் எண்ணும் என்று ஒரு போடு போட்டுவிட்டு ஆபீசுக்கு வந்தேன்.

சடகோபன் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டார். "கம்ப்யூட்டர் பூஜ்யத்துலேர்ந்துதான் எண்ணும் சார். மனுஷாளுக்கு அச்சடிக்கறச்சே நான் ஒண்ணு கூட்டியிருக்கணும், என் தப்பு. இப்பவே கூட்டிடறேன். படம் போடறவாகிட்டேயும் ஒரு வார்த்தை சொல்லிடுங்கோ" என்றார். சரி என்றேன். அவருடைய சட்டைப் பையில் ஒரு நீளமான கவர் துருத்திக்கொண்டிருந்தது. சென்னைக் கம்பெனி ஒன்றின் பெயர் அதில் அச்சடித்திருந்தது. பிறகு அவர் என்ன சொன்னார் என்பது என் காதில் விழவில்லை.

மதியம் ஷகிலா வீட்டுக்குப் போனேன். அவரும் பட்டியலைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. "எல்லாம் ஒரு கட்டம் பின்னாடி நிக்குது அண்ணே. அவரு புரோகிராம ஏன் கலைக்கணும்? நானே இடது பக்கம் ஒரு கட்டம் காலியா வுட்டு மயிலத் தள்ளிடுறேன். அவருகிட்ட சொல்லிடுங்க" என்றார். அதற்கும் சரி என்றேன். சொல்லவில்லை. உங்கள் கணக்கு தப்பாம் என்று அவரிடம் சொல்லப்போய், அவர் கவரைப் பிரித்துக்கொண்டு கிளம்பிவிட்டால்? அவர் ஏற்கனவே திருத்திவிட்டார் என்று இவரிடம் சொல்லப்போய், இவருக்கு மனசு சங்கடப்பட்டால்? இரண்டு பேருமே திருத்திவிட்டார்கள், ஒன்றுக்கு இரண்டாகப் பாதுகாப்பு என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். வரும் வழியில் நிம்மதியாக ஒரு டீ குடித்தேன். டீக்கடையில் முனுசாமியும் நின்றிருந்தார். பூஜ்யம் இனிமேல் வராது என்றேன். அவர் கவலையோடு கேட்டார்: "அதுக்குப் பதிலா வேற எதுனா வருமா சார்?"

வேலி இல்லாத மயில்

வந்தது. ஆடி பிறந்து பத்தாம் நாள் முனுசாமி ஆள் அனுப்பினார். போய்ப் பார்த்தேன். ஒரு சாண் நெய்து நிறுத்தியிருந்தார். மயில் அப்படி ஒரு மயில். கழுத்து, கொண்டை, தோகையின் கண் எல்லாம் ஷகிலா தட்டிய தட்டுக்கள் அப்படியே ஜரிகையில் நின்றன. நான் மயிலையே பார்த்துக்கொண்டிருந்தேன். முனுசாமி என் விரலைப் பிடித்துக் கரையின் ஓரத்தில் வைத்தார். கரை முடிகிற இடத்தில் நூல் பிடித்த மாதிரி ஒரு ஜரிகைக் கோடு ஓட வேண்டும், கம்பி என்பார்கள். அந்தக் கம்பி இல்லை. மறு ஓரத்தில் முதல் கொக்கி வேலையில்லாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

சடகோபன் ஒன்று கூட்டியிருந்தார், ஷகிலா ஒரு கட்டம் தள்ளியிருந்தார். இரண்டும் சேர்ந்து மயில் கூட்டமே ஒரு கொக்கி நகர்ந்து, கடைசிக் கம்பி பெட்டிக்கு வெளியே விழுந்துவிட்டது. பட்டியலில் கடைசி எண் இருநூற்று நாற்பத்தொன்று. அட்டையில் அப்படி ஒரு ஓட்டையே கிடையாது. கேட்டிருக்கலாமே என்று எனக்குக் கோபம் வந்தது. கேட்டும்விட்டேன். முனுசாமி பொறுமையாகச் சொன்னார்: "பூஜ்யத்துக்குக் கேட்டேன், கம்ப்யூட்டர் அப்டித்தான் எண்ணும்னீங்க. சரி, இதுவும் அப்டித்தான் போலன்னு வுட்டுட்டேன். இப்பப் பாருங்க, மயிலெல்லாம் வேலி இல்லாத கொல்லையில மேயுது."

தறிக்குப் பக்கத்தில் ஒரு பஞ்சாயத்து

அட்டைகளைத் திரும்பக் குத்த வேண்டும். குத்திய பிறகு ஒரு சேலை நெய்து இறக்கப் பதினைந்து இருபது நாள். ஆடி முடிய அவ்வளவுதான் இருந்தது. வேறு வழியில்லாமல் இரண்டு பேருக்கும் ஆள் அனுப்பினேன். சடகோபன் சைக்கிளில் வந்தார். ஷகிலாவைப் பஷீர் ஆட்டோவில் கொண்டுவந்து விட்டார். மூன்று மாதம் சேர்ந்து வேலை செய்தவர்கள், அன்றுதான் முதல்முறையாக நேரில் பார்த்துக்கொண்டார்கள். அடிதடி நடக்கப்போகிறது என்று நான் சுவர் ஓரமாக ஒதுங்கி நின்றேன்.

இருவரும் குனிந்து கரையைப் பார்த்தார்கள். "என் தப்பு" என்று இருவரும் ஒரே சமயத்தில் சொன்னார்கள். பிறகு, நான் ஒன்று கூட்டினேனே என்று இவரும், நான் ஒரு கட்டம் தள்ளினேனே என்று அவரும் சொன்னார்கள். அதோடு இருவரும் மெதுவாக என் பக்கம் திரும்பினார்கள். முனுசாமியும் திரும்பினார். வாசலில் நின்ற பஷீரும் எட்டிப் பார்த்தார்.

எனக்குப் பொய் சொல்லவும் இடமில்லை. "ரெண்டு பேரும் சொன்னீங்க. நான்தான் சொல்லல. சொன்னா யாராவது கோச்சிக்கினு போயிடுவீங்களோன்னு பயமா இருந்துச்சு" என்றேன். சடகோபன் சட்டைப் பையை ஒரு முறை தொட்டுப் பார்த்துக்கொண்டு தலை குனிந்தார். அவர் திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். ஷகிலாதான் பேசினார்: "திருத்தம் சொன்னதுக்கு யாராவது வேலைய வுட்டுப் போவாங்களா அண்ணே? சொல்லாம வுட்டதுக்குத்தான் போவாங்க."

கம்பி

ஷகிலா போகவில்லை. மூடி மறைத்தால் விட்டுவிடுவேன் என்று முதல் நாளே சொன்னவர், அன்று நிற்க வேண்டிய அவசியமே இல்லை. இருவரும் தறிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து இரண்டு நிமிஷத்தில் முடிவு செய்தார்கள். ஷகிலா தன் வழக்கப்படி முதல் கட்டத்திலிருந்தே வரைவார். ஒன்று கூட்டுவது சடகோபன் வேலை. கிராப் தாளில் 'முதல் கட்டம் முதல் கொக்கி' என்று எழுதி முனுசாமியின் சுவரில் ஒட்டினார்கள். என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை, அதுவே பெரிய உதவி. அன்று பகலிலேயே புதுப் பட்டியல் வந்தது. சடகோபன் எண்ணைப் படிக்க, முனுசாமி குத்த, குத்திய அட்டையை ஷகிலா வெளிச்சத்தில் பிடித்துச் சரிபார்த்தார். மூன்று பகலில் அத்தனை அட்டையும் முடிந்தது. பஷீர் சவாரியை விட்டுவிட்டு நாஷ்டா வாங்கிக்கொண்டு வந்தார். ஒரு தடவைகூட யாரும் இன்னொருவரை அவசரப்படுத்தவில்லை. நம் ஆட்கள் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொள்ள ஆசையாக இருந்தது. ஆனால் அன்றைக்கு எனக்கு அந்த யோக்கியதை இல்லை.

ஆடி முடிய ஒரு நாள் இருக்கும்போது சேலை தறியிலிருந்து இறங்கியது. தாமோதரம் கடை வாசல் வெளிச்சத்தில் பிரித்துப் போட்டார். மயிலை அவர் பார்க்கவே இல்லை. கட்டை விரலைக் கரை ஓரத்துக் கம்பி மேல் வைத்து, ஒரு முழம் முழுக்க ஓட்டிப் பார்த்தார். எங்கும் விரல் நிற்கவில்லை. சேலையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்: "ஆவணிக்கு எல்லாத் தறிக்கும் எடுத்துக்கினு வா. இதப் போட்டது யாருப்பா? நீ இல்ல, அது மட்டும் நல்லாத் தெரியுது."

இரண்டு மாதம் முன்பே

ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சடகோபன் ஷகிலாவையும் பஷீரையும் ஆபீசுக்கு வரச் சொல்லியிருந்தார். கவரை மேஜைமேல் வைத்தார். சென்னையில் வேலை கிடைத்திருக்கிறது, ஐப்பசி ஒன்றாம் தேதி சேர வேண்டும், அதனால் இப்போதே சொல்கிறேன் என்றார். அவர் நிதானமாக நோட்டை எடுத்தார். பட்டியல் எடுப்பது எப்படி, நின்றுபோனால் என்ன செய்வது என்று படிப்படியாகத் தமிழில் எழுதி, ஷகிலாவுக்குச் சொல்லிக் கொடுத்தே முடித்திருந்தார். ஞாயிறுதோறும் ஒன்பது மணிக்கு வந்து மிச்சத்தைப் பார்த்துக்கொள்வாராம். வைகாசி பத்து நாளைப் பற்றிச் சென்னையிலும் சொல்லிவிட்டீர்களா என்று கேட்டேன். "அதைத்தான் சார் முதல்ல சொன்னேன்" என்றார். அந்த வேலைக்கு அவரை எடுத்துக்கொண்டவர்கள் கெட்டிக்காரர்கள் என்று நினைத்துக்கொண்டேன். சொன்னபடி அதற்கப்புறம் எந்த ஞாயிறும் அவர் தவறியதில்லை, வைகாசியைத் தவிர.

நீங்கள் போய்விடுவீர்கள் என்று பயந்துதானே அன்றைக்கு அப்படிச் செய்தேன் என்று ஏதோ சொல்ல வாயெடுத்தேன். ஷகிலா நோட்டைத் துணிப் பையில் வைத்துக்கொண்டே என்னை நிறுத்தினார்: "வுடுங்க அண்ணே. இனிமே நானும் அவரும் நேரா பேசிக்கிறோம். நீங்க நடுவுல நின்னுக்கினு ரெண்டு பேருக்கும் சரின்னு சொல்றத மட்டும் வுட்டுடுங்க, போதும்."

நம்பி வேலை கொடுக்க ஒரு ஆள் கிடைக்கமாட்டேன் என்கிறாரே என்று நான் ஊரெல்லாம் புலம்பிக்கொண்டிருந்த அந்த நாலு மாதமும், நம்பி வேலை செய்ய ஒரு ஆள் கிடைக்கவில்லையே என்று அவர்கள் இருவரும் யாரிடமும் ஒரு வார்த்தை புலம்பாமல் என்னிடம் வேலை பார்த்திருக்கிறார்கள்.